உப்பிய போனுக்கு ரப்பர் பேண்ட் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போனைப் பத்திரமாகப் பயன்படுத்துவது பற்றி எழுதுகிறவர்கள் ஓடிபியை யாரிடமும் சொல்லாதே, தெரியாத லிங்க்கைத் தொடாதே என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் உள்ளே இருக்கும் பேட்டரியைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

போன மாதம் என் அப்பாவின் போனில் டிஸ்ப்ளே ஒரு ஓரமாக மேலே தூக்கிக்கொண்டது. பசை விட்டுவிட்டது என்று அவரே முடிவு செய்து, இரண்டு ரப்பர் பேண்டை இறுக்கிப் போட்டுப் பத்து நாள் ஓட்டியிருக்கிறார், அதுவும் ராத்திரியில் சார்ஜ் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. டிஸ்ப்ளேயைத் தூக்கியது உப்பிப்போன பேட்டரி.

போன்களில் இருப்பது லித்தியம் அயான் என்ற வகை பேட்டரி. அதற்குள் இரண்டு மின்முனைகளும் அவை ஒன்றையொன்று தொடாமல் இருக்க நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் படலமும் இருக்கும், எளிதில் தீப்பிடிக்கிற திரவமும் உண்டு. பேட்டரி பழசாகியோ அதிகம் சூடாகியோ கெடும்போது அந்தத் திரவம் சிதைந்து வாயு உண்டாகிறது, அதுதான் உப்பல். அதைப் போய் அழுத்தினால் படலம் கிழிந்து உள்ளேயே ஷார்ட் ஆகலாம், அப்புறம் சூடு மேலும் சூட்டைக் கிளப்பிக்கொண்டே போகும், சில நொடிகளில் தீ. 2016-ல் சாம்சங் கேலக்ஸி நோட் 7 போன்களை அந்த நிறுவனமே திரும்பப் பெற்று உற்பத்தியையும் நிறுத்தியதே, அங்கேயும் கோளாறு பேட்டரிக்குள் ஏற்பட்ட ஷார்ட்தான். புத்தம் புதுப் போனுக்கே அந்த நிலை என்றால், ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிய பழைய போனை நினைத்துப் பாருங்கள்.

ராத்திரி முழுக்க சார்ஜில் இருந்தால் வெடித்துவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நல்ல போன், நல்ல சார்ஜர் என்றால் முழுதாக ஏறியதும் தானே நிறுத்திக்கொள்ளும். எனக்குக் கவலை, அதை எங்கே வைக்கிறோம் என்பதுதான். சார்ஜ் ஏறும்போது வரும் சூடு வெளியேற வழி வேண்டும், தலையணையும் போர்வையும் அதை அடைத்துவிடும். வெயிலில் நிற்கும் காருக்குள் போனை விட்டுவிட்டுப் போவதும் இப்படித்தான்.

சரி, உப்பிவிட்டால்? போனை அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடவே போடாதீர்கள். காற்றை இறக்குகிறேன் என்று ஊசியால் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். துணி, காகிதம் இல்லாத இடத்தில் வெறும் தரையில் வைத்துவிட்டு, விவரம் தெரிந்த சர்வீஸ் ஆட்களிடம் கொடுங்கள். குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உப்பிய பேட்டரி எப்படி இருக்கும் என்று ஒரு படத்தைப் பெரிதாகப் போடுங்கள். அப்பா தினமும் பேப்பர் படிக்கிறவர், அப்படி ஒரு படத்தைப் பார்த்திருந்தால் முதல் நாளே போனை என்னிடம் கொண்டுவந்து காட்டியிருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி