சிறு விமானிக்கும் ‘முடியாது’ என்று சொல்லும் உரிமை உண்டு

ஆசிரியர் அவர்கட்கு,

தனியார் சிறு விமானங்கள் பரபரப்பான சர்வதேச விமான நிலையங்களில் தரையிறங்குவது பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதைச் சொன்னபடி செய்தால் விமானிக்கு வேறு கவலையில்லை என்று அது முடிந்திருந்தது. சிறு விமானம் ஓட்டப் பயின்றவன் என்ற வகையில், அக்கருத்துப் பாதியளவே சரியானது எனக் கருதுகிறேன்.

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் நெறிப்படுத்தும் கட்டுப்பாட்டு வான்பரப்புக்குள் அனுமதியின்றி நுழையக்கூடாது என்பதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. 1986 ஆகஸ்ட் 31 அன்று லொஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிட்டோஸ் நகரின் மேலாக, அவ்வாறு அனுமதியின்றி நுழைந்த பைப்பர் ரகச் சிறு விமானமொன்று எயாரோமெக்சிகோ ஜெட் விமானத்துடன் மோதியதில், வானிலும் தரையிலுமாக 82 பேர் உயிரிழந்தனர்.

ஆனால் அனுமதி கிடைத்த பின்னர்தான் சிறு விமானியின் உண்மையான வேலை தொடங்குகிறது. பெரிய ஜெட் விமானம் ஏறத்தாழ 140 நொட்ஸ் (மணிக்கு 140 கடல் மைல்) வேகத்தில் ஓடுபாதையை நெருங்கும். செஸ்னா 172 போன்ற விமானத்துக்கு இயல்பானது 65 நொட்ஸ் அளவே. பின்னால் ஜெட் வரும்போது, வேகத்தைக் குறைக்காமல் வருமாறு கோபுரம் கேட்கும். கட்டுநாயக்க சர்வதேச விமான நிலையத்தில் உள்ளதுபோல 3,350 மீற்றர் நீளமான ஓடுபாதையில் கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் குறைத்துக்கொள்ள இடமிருப்பதால், பழகிய விமானி அதற்கு இணங்கலாம். பழகாதவரோ தம்மால் முடியாது என உடனே அறிவிக்க வேண்டும். அவ்வாறு அறிவிப்பது விதிமுறை அனுமதித்த பதிலே தவிர, அவமரியாதை அல்ல. பெரியவர்கள் எதைச் சொன்னாலும் தலையாட்டி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகவே கற்பிக்க வேண்டியிருக்கும் என்பது என் எண்ணம்.

கட்டுரை தொடாமல் விட்ட இன்னொன்று, பெரிய விமானங்களின் இறக்கை நுனிகளிலிருந்து எழும் காற்றுச் சுழல். வாவியில் இயந்திரப் படகு சென்று மறைந்த பின்னரும் அதன் அலை தோணியைப் புரட்டுவதுபோல, அச்சுழல் மெல்லக் கீழிறங்கியபடி சில நிமிடங்கள் நிலைத்திருந்து, பின்வரும் சிறு விமானத்தைக் கவிழ்த்துவிடக்கூடும். கருவிப் பறப்பு விதிகளின்படி, அதாவது விமானக் கருவிகளைக் கொண்டு வழியறிந்து வருபவருக்கு, 136,000 கிலோகிராமும் அதற்கு மேலும் எடையுள்ள விமானத்தின் பின்னால் குறைந்தது 6 கடல் மைல் இடைவெளியைக் கட்டுப்பாட்டாளரே ஏற்படுத்தித் தருவார். ஆனால், பார்வைப் பறப்பு விதிகளின்படி, அதாவது வெளியே கண்ணால் பார்த்து ஓட்டித் தரையிறங்குபவருக்கு, சர்வதேச நடைமுறையின்படி, கோபுரம் எச்சரிக்கை மட்டுமே விடுக்கும். இடைவெளி விமானியின் பொறுப்பு. ஆகவே அவர் முன்சென்ற விமானத்தின் இறங்குபாதைக்கு மேலாகவே பறந்து, அது சக்கரம் பதித்த இடத்தைத் தாண்டித் தரைதொட வேண்டும். சொன்னபடி செய்வதை மட்டுமே அறிந்தவருக்கு இது எங்கிருந்து தோன்றும்?

வாவிக்கரையிலுள்ள எமது மட்டக்களப்பு விமான நிலையம் போன்ற அமைதியான இடங்களில் வானொலியில் ஆறுதலாகப் பேசலாம். கட்டுநாயக்கவில் அலைவரிசை ஓயாது. எனவே அங்கு முதன்முறை செல்பவர், அனுபவமுள்ள பயிற்றுநரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, நிலையத்தினுள் விமானங்கள் தரையில் நகரும் பாதைகளின் வரைபடத்தை முன்கூட்டியே படித்து, கிடைக்கும் அனுமதிகளைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லப் பழகியபின் செல்வதே முறை. விமானியாகும் கனவோடு தங்கள் பத்திரிகையை வாசிக்கும் கிழக்கு மாகாண மாணவர்களுக்காக, இவ்விடயங்களையும் சேர்த்து இன்னொரு கட்டுரையை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.