சேர்த்து உட்கார வைத்தால் மட்டும் போதாது

அன்பு மகள் கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். மொழி, மதம், வசதி எல்லாம் வேறான பிள்ளைகளை உன் மகன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டும், ஆளுக்கொரு பக்கமாகக் கூட்டம் பிரிந்து நின்றதாகச் சொன்னாய். கும்பலில் விட்டால் பிள்ளைகள் தெரிந்த முகத்தைத் தேடித்தான் போவார்கள்.

1954-ல் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர், அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 22 பையன்களை முகாமுக்கு அழைத்துப்போய், இரண்டு அணியாக்கி, போட்டி வைத்தார். எல்லோரும் ஒரே நிறம், ஒரே மாதிரிக் குடும்பம். அப்படியிருந்தும் சில நாளிலேயே ஓர் அணி மற்றதன் கொடியை எரித்தது. சமாதானத்துக்கு ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள், சினிமா காட்டினார்கள்; சண்டைதான் வலுத்தது. தண்ணீர் நின்றுபோய் எல்லோருமாக அடைப்பைத் தேடவும், கிளம்பாத வண்டியைக் கயிறு கட்டி இழுக்கவும் வேண்டி வந்தபோதுதான் பகை கரையத் தொடங்கியது. அதுவும் ஒரே தடவையில் இல்லை. தண்ணீர் வந்த அன்றே மறுபடி சண்டை.

அதனால் பத்துப் பேரைக் கூப்பிடாதே. ஒரே ஒரு பிள்ளை, வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம். ஜெயிப்பு தோற்பு உள்ள விளையாட்டு இப்போதைக்கு வேண்டாம். கட்டைகளை அடுக்கி ஒரு வீடு கட்டச் சொல். மாதிரிப் படம் ஒருவனிடம், கட்டைகள் மற்றவனிடம். படம் வைத்திருப்பவன் கட்டையைத் தொடக்கூடாது. கட்டுகிறவன் படத்தைப் பார்க்கக்கூடாது. ஒருவன் சொல்லாமல் மற்றவனுக்கு ஒன்றும் நடக்காது. பொது மொழி இல்லாவிட்டால் கையைக் காட்டுவான், பிறகு ‘மேலே’, ‘இன்னொன்று’ என்று ஒருவன் சொல்லை மற்றவன் பிடித்துக்கொள்வான். பாதியில் இருவரையும் இடம் மாற்று. மாற்றாவிட்டால் வாய் உள்ளவன் எஜமான், மற்றவன் எடுபிடி. உன் மகன் உயிராக வைத்திருக்கும் பொம்மைகளை முதலிலேயே உள்ளே வைத்துவிடு. அதற்காக வரும் சண்டை, ‘அவங்களே இப்படித்தான்’ என்று அவன் மனசில் பதிந்துவிடும்.

எப்போதும் நம் வீட்டிலேயே என்றால் அந்தப் பிள்ளை விருந்தாளியாகவே இருப்பான். உன் மகனும் அங்கே போகட்டும், அவர்கள் வீட்டு வழக்கப்படி உட்காரட்டும். உனக்குத் தயக்கம் வருவது இங்கேதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அனுப்பு.

பிள்ளைகள் பெரியவர்களின் கையைத்தான் பார்க்கிறார்கள். கூட்டாளி எழுந்துபோனதும் அவன் உட்கார்ந்த இடத்தை மட்டும் நீ துடைத்தால், நீ சொல்லிக்கொடுத்தது அத்தனையும் வீண். ‘அவன் மட்டும் நல்லவன், அவங்க ஆளுங்க மாதிரி இல்ல’ என்றும் சொல்லிவிடாதே. நட்பு ஒருவனோடு நின்று, வெறுப்பு மற்றவர்கள்மேல் அப்படியே இருந்துவிடும். ‘அவன் ஏன் வேற கலர்ல இருக்கான்?’ என்று உன் மகன் சத்தமாகக் கேட்டால் வாயைப் பொத்தாதே. அதட்டினால் அந்த நிறம் ஏதோ அசிங்கம் என்று எடுத்துக்கொள்வான். ‘தோலில் நிறம் தரும் பொருள் சிலருக்குக் கூட, சிலருக்குக் குறைவு’ என்று சாதாரணமாகச் சொல், போதும்.

பள்ளியில் இருவரையும் ஒரே குழுவில் போடும்படி டீச்சரிடம் கேள். அந்தப் பையனின் அம்மாவிடம் மகன் மூலம் சொல்லியனுப்பாமல் நீயே நேரில் போய்ப் பேசு. அவன் என்ன சாப்பிடமாட்டான், எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும், யார் கூட்டிப்போவார்கள் என்று கேட்டுக்கொள். இந்த வாரமே கேள், லீவு விடும்வரை தள்ளிப்போடாதே.

அன்புடன்,
அம்மா