ஆண்டறிக்கை 2018-19: வரவிருக்கும் நடு எஞ்சின் கார்வெட்டும் நமது ஊகப் பதிவேடும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் வணக்கம். மிச்சிகன் வாழ் தமிழ்க் கார் ஆர்வலர்களாகிய நமது சங்கத்தின் 2018 ஜூன் முதல் 2019 மே வரையிலான ஆண்டறிக்கையைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடைபெற்றன. எந்தப் பொருளில் தொடங்கினாலும், இதுவரை எஞ்சினை முன்னால் கொண்டே விற்கப்பட்டு வந்த, ஜெனரல் மோட்டார்ஸின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட், நடு எஞ்சின் காராக, அதாவது எஞ்சினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்கு முன்னால் கொண்டதாக வந்தால் எப்படி இருக்கும் என்ற ஒரே கேள்வியில்தான் ஏறக்குறைய எல்லாக் கூட்டங்களும் முடிந்தன. கடந்த ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் அது வெளிவரும் என்று நம்மில் பலர் உறுதியாக எழுதிக் கொடுத்திருந்தோம், அது வரவில்லை. ஏப்ரல் 11 அன்று நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில், கருப்பு வெள்ளைக் கோலங்களால் உருவம் மறைக்கப்பட்ட காரில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் மேரி பாராவும் தலைமைப் பொறியாளர் டாட்ஜ் யூக்டரும் வந்தபோது, அதன் கதவில் அறிமுக நாளாக ஜூலை 18 என்று எழுதப்பட்டிருந்தது. அதுவரை வதந்தி என்று சொல்லப்பட்டது அன்றுதான் செய்தியானது.

புதிய உறுப்பினர்களுக்காக ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். இது நேற்று முளைத்த ஆசை அன்று. 1953-இல் நியூயார்க்கில் முதல் கார்வெட்டைக் கண்டு வியந்து, அதே ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்த சோரா ஆர்க்கஸ் டன்டோவ், 1960-லேயே எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்துச் செர்வ்-1 என்ற சோதனைக் காரை உருவாக்கினார். 1970-இல் எக்ஸ்பி-882, அதன் வழிவந்த ஏரோவெட், 1986-இல் கார்வெட் இன்டி என்று மாதிரிகள் மேடையேறினவே தவிர, விற்பனைக்கு எதுவும் வரவில்லை. டன்டோவ் 1996-இல் காலமானார். நமது அக்டோபர் பயணத்தில், கென்டக்கியின் பௌலிங் கிரீனிலுள்ள தேசிய கார்வெட் அருங்காட்சியகத்தில் அவரது அஸ்தி வைக்கப்பட்டிருக்கும் இடத்தின் முன் சற்று நேரம் பேசாமல் நின்றோம். அருகிலுள்ள தொழிற்சாலையைப் பார்வையாளர்களுக்கு மூடியிருந்ததால் சாலையோரம் நின்று கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எட்டு மணி நேரம் பயணம் செய்து வந்த எவரும் அதற்காகக் குறைப்படவில்லை.

எஞ்சின் ஏன் இப்போது பின்னால் போகிறது என்பதற்கு நமது கூட்டங்களில் கிடைத்த விடை தெளிவானது. கார்வெட்டின் ஏழாம் தலைமுறையான சி7 வரிசையின் உச்ச மாடலான இசட்ஆர்1, 755 குதிரைத்திறனைப் பின்சக்கரங்கள் இரண்டின் வழியாக மட்டுமே சாலைக்குத் தருகிறது. எஞ்சின் முன்னால் இருக்கும்வரை, இன்னும் கூடுதல் திறனைக் கொடுத்தால் டயர் வீணாகச் சுழலுமே அன்றி வேகம் கூடாது. அந்த எடையையே பின்சக்கரங்களின் மேல் கொண்டுவந்து வைத்தால் பிடிப்பு கூடும். முன்பகுதி தாழ்வதால் ஓட்டுநருக்குச் சாலை இன்னும் அருகில் தெரியும்.

இதற்கு ஒரு விலை உண்டு என்பதை ஆகஸ்ட் சந்திப்பில் கண்ணால் கண்டோம். உறுப்பினர் ஒருவர் பழைய நடு எஞ்சின் கார் ஒன்றை ஓட்டிவந்தார். எஞ்சினுக்குப் பின்னாலிருந்த சிறிய டிக்கியைத் திறந்தபோது, அனைவருக்கும் என்று வாங்கி வைத்திருந்த மைசூர்பாகின் நெய் உருகி, அட்டைப்பெட்டியின் அடிவரை ஊறிப்போயிருந்தது. வாரக் கடைசியில் இரண்டு பெட்டிகளை வைத்துக்கொண்டு ஊர் போகிறவர்களும் வாங்கும் கார் கார்வெட். அந்த டிக்கியை வெப்பத்திலிருந்து எப்படிக் காப்பார்கள் என்பதே, குதிரைத்திறனைக் காட்டிலும் கடினமான கேள்வி என்று நான் கருதுகிறேன்.

எஞ்சின் பற்றி நம்மிடையே இரு கட்சிகள் உள்ளன. ஜெனரல் மோட்டார்ஸின் சொகுசுக் கார் பிரிவான கேடிலாக்கின், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் இரட்டை டர்போ கொண்ட 4.2 லிட்டர் பிளாக்விங் எஞ்சின் வரும் என்பது இளைஞர்களின் வாதம். அடிப்படை மாடலில் தண்டுகளால் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் புஷ்ராட் முறையிலான, எட்டு சிலிண்டர் கொண்ட 6.2 லிட்டர் வி8 எஞ்சின் தொடரும் என்பது என் கணிப்பு. வால்வுகளை இயக்கும் சுழல்தண்டான கேம்ஷாஃப்ட் எஞ்சினின் உடலுக்குள்ளேயே இருப்பதால் அதன் உயரம் குறைவு. முதுகுக்குப் பின்னால் வைக்கும்போது கண்ணாடி வழியே பின்னால் பார்க்கவும் அது இடம் விடும். செலவும் குறையும். விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டும் என்று அஞ்சுகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: 2019-இல் சுமார் 56 ஆயிரம் டாலரில் தொடங்கும் காரை எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோனால், அதை இத்தனை காலம் வாழவைத்தவர்களையே இழக்க நேரிடும். மேனுவல் கியர் இருக்குமா என்பதில் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. அதை வருத்தத்துடன் எழுதுகிறேன். நான் கார் ஓட்டக் கற்றதே கிளட்சை மிதித்துத்தான்.

நமது உறுப்பினர்களில் பலர் கார் நிறுவனங்களிலும் அவற்றுக்கு உதிரிபாகம் தரும் நிறுவனங்களிலும் பணிபுரிகின்றனர். பணியிடத்தில் எடுக்கப்பட்டது என்று தோன்றிய படம் ஒன்று பிப்ரவரியில் நமது வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டு, சில நிமிடங்களில் நீக்கப்பட்டது. அதன்பின் செயற்குழு ஒருமனதாக ஒரு விதி வகுத்தது: பணியால் அறிந்த எதையும் இங்கே பேசுவதில்லை, தொடர்புடைய பணியில் இருப்பவர்கள், இந்தப் பேச்சு தொடங்கும்போது காபி மேசைப் பக்கம் சென்றுவிடுவார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் அவ்வாறே எழுந்து சென்ற அந்த நண்பர்களுக்குச் சங்கத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். ஒருவரது சோற்றில் கைவைத்துக் கிடைக்கும் செய்தி நமக்கு வேண்டாம். ஜூலை 18 அன்று சரியான விடை தெரிந்துவிடும் நிலையிலும், நாமே காரணம் கண்டு எழுதியதற்குத்தான் இங்கே மதிப்பு.

அதற்காகவே, புதிய கார் எப்படி இருக்கும் என்று உறுப்பினர்கள் முன்கூட்டியே எழுதித்தரும் ஊகப் பதிவேடு தொடங்கப்பட்டது. ஊகத்தை மட்டும் எழுதினால் ஏற்கப்படாது. அதற்கான காரணமும் உடன் இருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் சோதனைத் தளம் உள்ள மில்ஃபோர்டு பக்கம் மறைப்பு ஒட்டிய கார் ஒன்று கடந்து சென்றதைக் கண்ட உறுப்பினர், எஞ்சின் முன்னால் இல்லை என்பதற்குச் சான்றாக, முன்சக்கரத்துக்கும் கதவுக்கும் இடைவெளி மிகக் குறைவாக இருந்தது என்று படம் வரைந்து எழுதிய பக்கமே இதுவரை வந்தவற்றில் சிறந்தது என்பது என் கருத்து.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

பதிவேட்டில் எழுத விரும்புவோர் ஜூலை 17 இரவுக்குள் என்னிடம் தர வேண்டும். ஜூலை 20, சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் பதிவேடு திறக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கமும் எழுதியவராலேயே உரக்க வாசிக்கப்படும்.

இவண்,
செயலாளர்