எந்த ஐ7 என்று சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் பத்திரிகையில் வரும் கணினி விளம்பரங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அதற்கு முதல் எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அக்காவின் மகன் உயர்தரத்தில் ஐ.சி.ரி. (தகவல் தொழில்நுட்பம்) எடுத்திருக்கிறான், அவனுக்கு ஒரு கணினி வேண்டும். கையில் இருந்தது இரண்டு இலட்சம், மொனிற்றர் பழையது ஒன்று வீட்டில் கிடந்தது. பூட்டி வைத்ததை வாங்கக் கூடாது, பாகங்களாக வாங்கி நாங்களே பூட்டுவோம் மாமா என்று ஒற்றைக் காலில் நின்றான். யூரியூப் பார்த்துப் பார்த்து அவனுக்கு எல்லாம் பாடம். பயம் எனக்குத்தான்.

நகரில் மூன்று கடைகளில் கொட்டேசன் எடுத்தோம். ஒன்றில் இருந்தது இவ்வளவுதான்: கோர் ஐ7, 16 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி., 500 வாட் பவர் சப்ளையுடன் கேஸிங். ஐ7 என்பது கணினியின் மூளையான புறோசசருக்கு இன்டெல் நிறுவனம் வைத்த வரிசைப் பெயர் மட்டும்தான். எந்த ஐ7 என்று கேட்டால், "ஐ7 தான் அண்ணை, ஐ5ஐ விடப் பெரிசு" என்கிறார் கடைத் தம்பி. விடாமல் கேட்ட பிறகுதான் 3770 என்ற இலக்கம் வாயால் வந்தது. அது 2012இல் வந்த புறோசசர். மோட்டார் சைக்கிள் விற்பவர் எந்த ஆண்டு என்று சொல்லாமல் 'சில்லு இரண்டு, நல்ல ஓட்டம்' என்றால் நாங்கள் காசு கொடுப்போமா?

2022இல் வந்த ஐ3 12100க்கும் அதே நான்கு கோர் (உள்ளே வேலை செய்யும் மையங்கள்), எட்டு திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைகள்). ஆனால் பத்து வருட இடைவெளியில் வேலை செய்யும் வேகம் எங்கேயோ போய்விட்டது, 'சின்ன' ஐ3 அந்தப் 'பெரிய' ஐ7ஐச் சுலபமாக முந்தும். அப்புறம் விண்டோஸ் பிரச்சினை: விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11 முறைப்படி ஏற வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், ரி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். மூன்றாம் தலைமுறையான அந்த 3770ஐ இன்றைக்குப் பிள்ளையின் படிப்புக்கென்று விற்பது என்ன நியாயம்? பழையதை விற்கட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, பழையது என்று சொல்லி அந்த விலைக்கு விற்கட்டும்.

புறோசசர் பெயரின் கடைசி எழுத்தையும் பார்க்க வேண்டும். இன்டெலில் இலக்கத்துக்குப் பின்னால் எஃப் இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் (திரைக்குப் படம் அனுப்பும் பகுதி) இல்லை, தனி கார்ட் போடாமல் திரையில் ஒன்றும் வராது. 12100எஃப் கொஞ்சம் மலிவாக இருக்கும், ஆசைப்பட்டு வாங்கினால் பிறகு கார்ட்டுக்கு ஓட வேண்டும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏ.எம்.டி.யின் ரைசன் 5600க்கும் அதே கதை, ஜி சேர்ந்த 5600ஜி என்றால் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. நாங்கள் எடுத்தது அதைத்தான், ஆறு கோர், பன்னிரண்டு திரெட். 2021இல் வந்தது, பழைய ஏ.எம்.4 சொக்கெட் (புறோசசர் உட்காரும் இடம்), பிற்காலத்தில் பெரிதாக ஏற இடமில்லை என்று தெரிந்துதான் எடுத்தோம். புது ஏ.எம்.5க்குப் போனால் டி.டி.ஆர்.5 என்ற புது ரக ராம் மட்டுமே போடலாம், 2025 கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளத் தொடங்கியதும் ராம் விலை எல்லா இடமும் பாய்ந்துவிட்டது. (மைக்ரன் நிறுவனம் குருசல் என்ற பெயரில் எங்களைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ராமையே நிறுத்தப் போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது.)

ராம் ஒரே 16 ஆக வாங்காமல் எட்டும் எட்டுமாக இரண்டு. உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் அந்த ராமைத்தான் பங்குபோட்டுப் பாவிக்கிறது, ஒன்று மட்டும் இருந்தால் பாதை பாதியாகிவிடும். 5600ஜி பி.சி.ஐ.ஈ. (பாகங்களுக்கு இடையே தரவு ஓடும் பாதை) மூன்றாம் தலைமுறையோடு நிற்பது, ஆகவே கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் நான்காம் தலைமுறை வேகத்துக்கென்று காசு கொட்டுவது வீண், 500 ஜிபியில் சாதாரண என்.வி.எம்.ஈ. ரக எஸ்.எஸ்.டி. ஒன்று போதும் என்று நிறுத்தினோம். மதர்போட்டில் (எல்லாப் பாகமும் பூட்டும் பலகை) பார்த்தது இரண்டே விடயம்: பழைய மொனிற்றருக்கு வி.ஜி.ஏ. துளை இருக்கிறதா, பயோஸ் (மதர்போட்டை எழுப்பும் மென்பொருள்) 5600ஜியை அடையாளம் காணும் அளவுக்குப் புதியதா. புதிய பயோஸைக் கடையிலேயே போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள், வீட்டுக்கு வந்தபின் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

சரி, வீட்டுக் கரண்டைக் கணினிக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தரும் பவர் சப்ளைக்கு வருகிறேன். என் முழுக் கோபமும் இதில்தான். கேஸிங்கோடு 'சும்மா' தருவதாகச் சொன்ன 500 வாட் பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன், வெறும் தகர டப்பா போல இருந்தது. பக்கத்தில் இருந்த நல்ல ரக 450 வாட்டைத் தூக்கினால் கை தாழ்கிறது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசைக்கு நேரே எத்தனை அம்பியர் என்று இருக்கும், அதைப் பன்னிரண்டால் பெருக்கினால் வாட் வரும், கணினி பெரும்பாலும் எடுப்பது அந்த வரிசையில்தான். சும்மா தந்ததில் 16 அம்பியர், 192 வாட் வருகிறது, மிச்சம் முந்நூறு எங்கே போனது? மற்றதில் 37 அம்பியர், 444 வாட், சொன்னதுக்குக் கிட்ட நிற்கிறது. இந்தக் கணினி முழு மூச்சில் ஓடினாலும் 150 வாட்டைத் தொடாது, ஆகவே வாட் போதவில்லை என்பதல்ல என் முறைப்பாடு. ஸ்டிக்கரிலேயே பொய் எழுதுகிறவன் உள்ளே பாதுகாப்புச் சுற்றுகளை ஒழுங்காக வைத்திருப்பான் என்று எப்படி நம்புவது? எங்கள் பக்கம் கிணற்று மோட்டரைப் போட்டால் வீட்டு லைட் ஒருமுறை கண் சிமிட்டும். 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு நாடும் இருண்டதாக அமைச்சரே சொன்னார். இப்படிப்பட்ட கரண்டில் ஒரு மட்டமான பவர் சப்ளை எரியும்போது மதர்போட்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் யூ.பி.எஸ். வாங்குகிறவர்களுக்கும் ஒன்று, 650 வீ.ஏ. என்றால் 650 வாட் இல்லை, பெரும்பாலும் 360, 390 தான்.

பூட்டிய அன்று இரண்டு தடங்கல். ராம் ஒரு பக்கம் 'டிக்' என்று விழாமல் நின்றதில் திரை வரவில்லை, அழுத்தியதும் வந்துவிட்டது. மற்றது பயங்கரம். கேஸிங்கில் கை வைத்தால் சுர்ரென்கிறது. மீற்றரை வைத்துப் பார்த்தால் நூறு வோல்ட்டுக்கு மேல். வயரிங் செய்பவரைக் கூப்பிட்டோம், கழற்றிப் பார்த்தவர் சிரித்தார். சுவர் பிளக்கில் ஏர்த் துளை இருக்கிறது, அதற்குப் பின்னால் கம்பி இல்லை. பவர் சப்ளையின் வடிகட்டியில் கசியும் சிறு மின்னோட்டம் ஏர்த் வழியாகப் போக இடமில்லாமல் கேஸிங்கிலேயே நின்றிருக்கிறது. ஏர்த் அடித்த பிறகு இப்போது ஒன்றுமில்லை. பழைய வீடுகளில் இருப்பவர்கள் பாகம் வாங்க முதல் இதைப் பாருங்கள், அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

கொழும்பில் கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் விசாரித்து பஸ்ஸில் எடுப்பிக்கலாமே என்று பலர் சொன்னார்கள். எடுக்கலாம். ஆனால் வாரண்டி என்று வரும்போது அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும், விலை வித்தியாசம் அதற்குத் தகுமா என்று பாருங்கள். நான் மதர்போட்டையும் பவர் சப்ளையையும் இங்கேயே வாங்கினேன், பில்லில் முழு மொடல் இலக்கம் எழுதித் தந்த கடையில்.

இனி வேண்டுகோள். உங்கள் பத்திரிகையில் 'கோர் ஐ7 கணினி, மாணவர்களுக்கு விசேட விலை' என்று பெட்டி விளம்பரம் வருகிறது. அடுத்த முறை விளம்பரம் கொடுக்க வருபவரிடம், அந்த ஐ7க்குப் பக்கத்தில் நாலைந்து இலக்கம் கூட எழுதித் தரச் சொல்லிக் கேட்க முடியுமா? இடம் போதாதென்றால் 'விசேட' என்ற சொல்லை எடுத்துவிடலாம்.

வாசகர் ஒருவர்,
கொக்குவில்.