‘யாருக்கு?’ என்ற ஒரு வரி: மதிப்புரை எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புரை எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். இதழ்களில் எழுதுகிறவர்கள், வாசகர் வட்டங்களில் பேசுகிறவர்கள், ஒரு புத்தகத்தைப் படித்து முடித்த கையோடு நாலு பேருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று துடிக்கிறவர்கள் என எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் பல வருடங்களாக மதிப்புரை எழுதுகிறவன். அதனால் இந்த மடலில் இருக்கும் கோரிக்கை எனக்கும் சேர்த்துத்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நாவலுக்கு மதிப்புரை எழுதினேன். எழுதியவர் நெருங்கிய நண்பர். ‘ஒவ்வொருவரும் அவசியம் படிக்க வேண்டிய நாவல்’ என்று முடித்திருந்தேன். என் அக்கா மகள் பாடப்புத்தகம் தவிர எதையும் தொடாதவள். மாமா எழுதியிருக்கிறாரே என்று அந்த மதிப்புரையைப் படித்தாள், நாவலையும் வாங்கிவிட்டாள். இரண்டு மாதம் கழித்து எப்படி இருந்தது என்று கேட்டேன். நாற்பது பக்கத்தோடு நிறுத்திவிட்டாளாம். “நல்ல புத்தகம்னு நீங்களே எழுதியிருக்கீங்க மாமா. எனக்குத்தான் மண்டையில ஏறலை. இதெல்லாம் எனக்கு வராது போல” என்றாள்.

அந்த நாவல் கடினமானது. முதல் முறை நானே பாதியில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்துத்தான் முடித்தேன். நடுவில் இரண்டு அத்தியாயங்களை மேலோட்டமாகத் தாண்டினேன். இது எதையும் நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் அவள் ஒன்று அந்தப் புத்தகத்தை வாங்கியிருக்க மாட்டாள், அல்லது தயாராக உட்கார்ந்திருப்பாள். இரண்டில் எது நடந்திருந்தாலும் ‘எனக்கு வராது’ என்ற முடிவுக்கு வந்திருக்க மாட்டாள்.

அன்றிலிருந்து ஒரு விஷயம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. படம் பிடிக்கவில்லை என்றால் வெளியே வந்து படத்தைத் திட்டுகிறோம். வாசித்துப் பழக்கமில்லாத ஒருவர், புத்தகம் பிடிபடவில்லை என்றால் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார். நிறையப் படிக்கிறவருக்கு ஒரு பொய்யான பாராட்டால் கொஞ்சம் காசும் இரண்டு மாலைப் பொழுதும் போகும், அவ்வளவுதான். அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுவார். புதிதாக வருகிறவர் அந்த ஒரு புத்தகத்தோடு வாசலிலேயே திரும்பிவிடுவார். வாசிப்பு குறைந்துவிட்டது என்று கூட்டம் கூட்டமாக வருத்தப்படுகிறோம். அதில் நம்முடைய பங்கும் இருக்கிறது.

நான் கேட்பது சின்ன விஷயம்தான். ஒவ்வொரு மதிப்புரையிலும் இந்தப் புத்தகம் யாருக்கு என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.

இது நம் மொழிக்குப் புதிது இல்லை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கண நூலான நன்னூல், ஒரு நூலின் சிறப்புப்பாயிரம், அதாவது அந்த நூலுக்கான முன்னுரை, சொல்ல வேண்டிய எட்டு விஷயங்களை வரிசைப்படுத்துகிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். அந்த ஏழாவதைப் பாருங்கள். இந்த நூலைக் கேட்கத் தகுந்தவர் யார் என்பதை நூலின் வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் ஆசிரியர் பெயரையும் நூலின் பெயரையும் விலையையும் பக்கத்தையும் தவறாமல் போடுகிறோம். பொருளைப் பற்றி நீளமாகப் பேசுகிறோம். கேட்போரை மட்டும் விட்டுவிட்டோம்.

அதே நன்னூல் பாயிரத்தை யார் எழுதலாம் என்றும் சொல்கிறது. நூலாசிரியரின் ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர். எல்லாரும் வேண்டியவர்கள்! இன்று புத்தகத்துக்குள் வரும் அணிந்துரையும் அப்படித்தான். அன்பாக எழுதப்படுகிறது, அதில் தப்பே இல்லை. வாசகரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொள்வார். மதிப்புரை புத்தகத்துக்கு வெளியே நிற்கிறது. அது வாசகரின் பக்கம் உட்கார்ந்து எழுத வேண்டியது. அணிந்துரையை இரண்டாம் முறை எழுதி அதற்கு மதிப்புரை என்று பேர் வைக்கும் பழக்கத்தைத்தான் விடச் சொல்கிறேன். நண்பரின் புத்தகம் என்றால் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடலாம். மனசில்லை என்றால் எழுதாமலும் இருக்கலாம்.

‘யாருக்கு’ என்பதை வயதை வைத்து மட்டும் சொன்னால் போதாது. எந்த மாதிரி நேரம் இருப்பவருக்கு? பேருந்தில் இருபது நிமிடம் கிடைக்கிறவருக்கு மூன்று பக்க அத்தியாயங்கள் வரம். ஐம்பது பக்கத்துக்கு ஓர் இடைவெளி விடும் நாவல் அவருக்குத் தண்டனை. எழுத்துரு பொடியாக இருக்கிறதா? கண் மங்கியவர்களுக்கு அது முதல் கேள்வி. வட்டார வழக்கு அடர்த்தியாக இருந்தால், எத்தனை பக்கத்தில் காது பழகும்? மொழிபெயர்ப்பு தடுக்கிறதா, ஓடுகிறதா? முதல் அறுபது பக்கம் பெயர்கள் குழப்பும், ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பிறகு சிரமமே இல்லை என்று ஒருவர் முன்கூட்டிச் சொன்னால், அது அத்தனை பேரின் தோளில் கை போட்டு உள்ளே கூட்டிப்போவது போல. கதையில் ஒரு குழந்தை இறக்கிறது என்றால், முடிவைச் சொல்லாமலே, அண்மையில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் கொஞ்ச நாள் கழித்துப் படியுங்கள் என்று எழுதிவிடலாம். இதையெல்லாம் இலக்கிய விமர்சனம் இல்லை என்று சிலர் ஒதுக்கக்கூடும். ஒரு மனிதர் கடைசிப் பக்கம் வரை போவாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

குறையைச் சொல்லத் தயங்குகிறவர்களுக்கும் நன்னூல் கைகொடுக்கும். அது நூலின் குற்றங்கள் பத்து என்று ஒரு பட்டியல் தருகிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று போகும். அதில் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று ஒன்று. பிரமாதமாகத் தொடங்கிப் போகப்போக மெலிந்து முடிந்துவிடுவது. இந்த மூன்று சொற்களை விடத் துல்லியமாக எத்தனையோ நாவல்களைப் பற்றி நான் சொல்லியிருக்க முடியாது. இந்தச் சொற்களில் எழுதியவர் மீது வசை எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். புத்தகத்தின் எந்த இடத்தில் கோளாறு என்று மட்டும் காட்டுகின்றன. ‘குப்பை’ என்று எழுதுவது ‘அற்புதம்’ என்று எழுதுவதைப் போலவே சோம்பேறித்தனம். இரண்டிலும் வாசகருக்கு எந்தத் தகவலும் இல்லை.

நூலக அறிவியலுக்கு எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகள் 1931இல் புத்தகமாக வந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது விதிகள் இவை. நூலகருக்காகச் சொன்னவை. எனக்கு இவை மதிப்புரையாளருக்கும் அப்படியே பொருந்துவதாகத் தோன்றுகிறது. அதிலும் ‘ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்’ என்ற மூன்றாவது விதிதான் என்னை அசைக்கிறது. எல்லாருக்குமான புத்தகம் என்று ரங்கநாதன் சொல்லவில்லை. முந்நூறு பேருக்கு மட்டுமே உரிய புத்தகமும் இருக்கிறது. அந்த முந்நூறு பேரிடம் அதைச் சேர்ப்பதும் நம் வேலைதான்.

அப்புறம் இன்னொரு விஷயம். நம் மதிப்புரைகள் எங்கே போகின்றன? ஏற்கெனவே படிக்கிறவர்கள் ஏற்கெனவே படிக்கிறவர்களுக்காக எழுதிக்கொள்கிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகள் எனக்கு நினைவுக்கு வரும். 1865இல் ஹவானாவில் அந்த வழக்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்தே காசு போட்டு ஒரு வாசிப்பாளரை அமர்த்திக்கொண்டார்கள். இவர்கள் இலை சுற்றச் சுற்ற, அவர் மேடையில் அமர்ந்து நாளிதழையும் நாவலையும் உரக்க வாசிப்பார். அடுத்து எந்த நாவல் என்பதை வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். வாசிப்பு பிடித்துப்போனால் இலை வெட்டும் கத்தியை மேசையில் தட்டுவார்கள். அடுத்த ஆண்டே ஆட்சியாளர்கள் அதைத் தடை செய்தார்கள். ஆனாலும் வழக்கம் மீண்டு வந்தது, இன்றும் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களில் எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள் எத்தனையோ பேர். புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், கேட்டார்கள், கருத்தும் சொன்னார்கள். மேசையில் தட்டிய அந்தக் கத்திச் சத்தத்தை நான் மதிப்புரை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அதனால் நூலகங்களோடு பேசுங்கள். நீங்கள் எழுதும் எண்ணூறு சொற்களில் நாற்பதை மட்டும் எடுத்து ஒரு சிறு அட்டையில் கையால் எழுதி, அந்தப் புத்தகம் இருக்கும் அலமாரியின் விளிம்பில் ஒட்டச் சொல்லுங்கள். புத்தகத்தைக் கையில் எடுப்பதா வேண்டாமா என்று யோசித்து நிற்கிற மனிதருக்கு அந்த இடத்தில்தான் நம் குரல் தேவை. படிக்க முடியாதவர்களுக்கு ஒரு பக்கத்தை உரக்க வாசித்துக் காட்டுங்கள். சிறுவர் நூல்களைப் பற்றி எழுதும் முன் ஒரு சிறுவரிடம் கொடுத்து, எந்தப் பக்கத்தில் கண் விலகியது என்று பாருங்கள். நாம் பெரியவர்களாக உட்கார்ந்து அவற்றை மெச்சிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

பாதியில் நிறுத்தலாம் என்றும் தைரியமாக எழுதுங்கள். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் ஒரு கணக்குச் சொல்வார். 50 வயது வரை ஒரு புத்தகத்துக்கு 50 பக்கம் கொடுங்கள். அதற்கு மேல் வயதானவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்து வரும் பக்கங்களைக் கொடுத்தால் போதும். அதற்குள் பிடிக்கவில்லையா, மூடி வைத்துவிடலாம். இந்தக் கணக்கை என் அக்கா மகளுக்கு யாராவது அன்றே சொல்லியிருந்தால், நாற்பது பக்கத்தில் நிறுத்தியதற்காக அவ்வளவு குன்றிப்போயிருக்க மாட்டாள்.

அவளிடம் போன வருடம் மறுபடி பேசினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு எவ்வளவு நேரம் கிடைக்கும், எந்த மாதிரிக் கதை கேட்டால் தூக்கம் போகும் என்று விசாரித்தேன். மெல்லிய ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்தேன். ஒரு கதைக்குக் கால் மணி நேரம் போதும், மூன்றாவது கதை சுமார்தான், தாண்டிவிடலாம் என்று சொல்லியே கொடுத்தேன். மூன்று வாரத்தில் திருப்பித் தந்தாள். உள்ளே ஒரு துண்டுத் தாள் இருந்தது. அடுத்துப் படிக்கப்போகிறவருக்காக அவளே எழுதி வைத்தது: “மூணாவது கதையும் நல்லாத்தான் இருக்கு, தாண்டாதீங்க. கடைசிக் கதையை மட்டும் ராத்திரி தனியா இருக்கும்போது படிக்காதீங்க.”

அன்புடன்,
உங்களில் ஒருவன்