பெயிண்ட் அப்புறம் அடிக்கலாம்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஆவணி கடைசி வெள்ளி

அன்புள்ள கலா,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். மூன்று நிமிஷத்தில் ஏழு கேள்வி, நடுவில் உன் குக்கர் விசில் வேறு. போனில் பதில் சொன்னால் பாதியை மறந்துவிடுவாய், மீதியை உன் அண்ணனிடம் மாற்றிச் சொல்லுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவின் புதுப்பாளையம் வீட்டை விற்பது என்று நீ, அண்ணன், தங்கை மூன்று பேரும் முடிவு செய்துவிட்டீர்கள். சரி. ஆனால் "உடனே ஆளை விட்டுப் பெயிண்ட் அடித்துவிடு, பணம் போடுகிறேன்" என்கிறாயே, அதை மட்டும் இப்போது செய்ய மாட்டேன். எங்கள் முதுநகர் வீட்டை விற்கக் கிளம்பியபோது நான் முதலில் செய்த தப்பே அதுதான்.

உனக்குத் தெரியும், 2015 வெள்ளத்தில் எங்கள் கூடத்தில் முழங்கால் தண்ணீர். வடிந்த பிறகும் அந்தக் கோடு சுவரில் நின்றது. விற்கிற நேரத்தில் அதன் மேல் பட்டி பார்த்து, பால் வெள்ளையில் இரண்டு கோட்டிங் கொடுத்தோம். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கூட வந்த பாட்டி பெயிண்டைப் பார்க்கவே இல்லை. தரையிலிருந்து ஒரு முழம் மேலே, உள்ளங்கையை விரித்துச் சுவரில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கையை எடுத்து முகர்ந்தார். "ஓதம் இருக்கும்மா" என்றார், அவ்வளவுதான். அப்புறம் பின்கட்டுக்குப் போய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம், இங்கே தண்ணீர் எதுவரைக்கும் வந்தது என்று கேட்டார். அந்த அக்கா வெள்ளந்தியாகத் தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினார். அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை. அடுத்த மாதமே சுவரில் உப்புப் பூத்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி எழும்பியது. அடியில் ஈரத்தை வைத்துக்கொண்டு மேலே எதைப் பூசினாலும் அப்படித்தான் வரும்.

அடுத்து வந்தவரிடம் நானே பீரோவை நகர்த்தி, அதன் பின்னால் பெயிண்ட் படாமல் கிடந்த கோட்டைக் காட்டினேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். வந்தவர் விலையில் கொஞ்சம் குறைத்தார்தான். ஆனால் தரையை இரண்டடி உயர்த்திக்கொள்கிறேன் என்று சொல்லி அந்த வாரமே அட்வான்ஸ் கொடுத்தார். கடலூரில் வீடு பார்க்கிறவர்கள் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பார்கள். தானே புயல், 2015 வெள்ளம், 2024-ல் ஃபெஞ்சல் புயல், தென்பெண்ணை வெள்ளம் என்று எல்லாம் பார்த்த ஊர். உங்கள் தெருவில் எவ்வளவு வந்தது என்று அண்ணனைக் கேட்டு உண்மையைச் சொல்லச் சொல்.

இனி காகிதம். அண்ணன் "என் கையெழுத்து போதும்" என்று சொல்வதாகச் சொன்னாயே, போதாது. வீடு அப்பா சொந்தமாக வாங்கியது, உயில் இல்லை. அப்படியானால் உனக்கும் உன் தங்கைக்கும் அண்ணனுக்கும் சம பங்கு. கல்யாணம் ஆகி எத்தனை வருஷம் ஆனாலும் பங்கு பங்குதான். வாங்குகிறவரின் வக்கீல் முதலில் கேட்பதே பெண் பிள்ளைகளின் கையெழுத்தை. வாரிசுச் சான்று அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, இரண்டும் வேண்டும். அம்மா போய் ஒரு வருஷம்தான் ஆகிறது, அதற்கு நீங்கள் விண்ணப்பமே போடவில்லை என்று நினைக்கிறேன். முதலில் அதைப் பார். பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரம் என்று யாராவது கிளப்பினால் அவசரப்படாதே. மூன்று பேரும் சேர்ந்து விற்கிறவர்களாகக் கையெழுத்துப் போட்டாலே போதும்.

சிங்கப்பூர்த் தங்கை வர முடியாவிட்டால் அங்கே இருக்கும் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி உனக்கோ அண்ணனுக்கோ பவர், அதாவது தனக்காகக் கையெழுத்துப் போடும் அதிகாரம், கொடுக்கலாம். அந்தப் பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும். பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

மூலப்பத்திரம் எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடு. எங்களுடையது வெள்ளத்தில் நனைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பூரணம் இல்லாத போளி மாதிரி ஆகிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி, வக்கீலைச் சமாதானப்படுத்தி முடிக்க இரண்டு மாதம். சொத்தின் மேல் கடன், அடமானம் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்று இணையத்திலேயே எடுக்கலாம், முப்பது வருஷத்துக்கு எடு. பழைய வீட்டுக்கடன் ஏதாவது அடைத்திருந்தால், அடைத்ததற்கான ரசீதும் பதிவாகியிருக்கிறதா என்று பார். கடன் முடிந்தது, வில்லங்கம் முடியவில்லை என்று நிறையப் பேர் மாட்டுகிறார்கள். பட்டா இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கும், மாற்று. பத்திரத்தில் இருக்கும் அளவையும் டவுன் சர்வே அளவையும் ஒப்பிட்டுப் பார். எங்களுக்குப் பத்திரத்தில் 2,400 சதுர அடி, சர்வேயில் 2,310. எங்கள் அப்பா காம்பவுண்டை உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதைக் கண்டுபிடிக்கிறதற்குள் வாங்குகிறவர் முகம் மாறிவிட்டது.

உங்கள் மாடி அறை! அதை மறந்தே போனேன். அண்ணன் கல்யாணத்துக்கு அவசரமாக எழுப்பியது, பிளானில் இருக்கிறதா? இல்லாவிட்டால், வாங்குகிறவர் பேங்க் லோன் போடும்போது அந்த அறைக்காகவே எல்லாம் நிற்கும். சொத்து வரியும் அந்த அறையைச் சேர்த்துத்தான் கட்டப்படுகிறதா என்று கேட்டு வை.

பண விஷயத்தில் நீளமாக எழுத எனக்கும் பொறுமை இல்லை. முத்திரைத்தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, இரண்டும் வாங்குகிறவர் பாடு. அதனால்தான் எங்களிடம் வந்த புரோக்கர், அரசு குறித்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போடலாம், மீதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அந்த மனிதரை அப்படியே அனுப்பிவிட்டேன். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ அட்வான்ஸாக ரொக்கத்தில் தொட்டாலே அதே அளவு அபராதம் வரலாம், எதற்கு வம்பு? எல்லாம் பேங்க் வழியாக. கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். மீதிப் பணம் வரும்வரை சாவி கொடுக்காதீர்கள். ஒரிஜினல் பத்திரம் புரோக்கர் கையில் ஒரு நிமிஷம்கூட இருக்கக் கூடாது, ஜெராக்ஸ் போதும்.

மொத்த விலை 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குகிறவர் பணம் கொடுக்கும்போதே 1% வருமான வரி (டிடிஎஸ்) பிடிப்பார். அது உனக்கும் அண்ணனுக்கும். தங்கை வெளிநாட்டில் இருப்பதால் அவள் பங்கில் பிடிப்பு ரொம்ப அதிகம், விலை எதுவானாலும் பிடிப்பார்கள். வருமான வரி அலுவலகத்தில் முன்கூட்டியே குறைந்த பிடிப்புக்கான சான்று வாங்கலாம், அதற்கு நாள் பிடிக்கும். லாபத்துக்கான வரி இப்போது 12.5%. அப்பா 2001-க்கு முன்னால் வாங்கியதால் 2001 ஏப்ரல் 1-ம் தேதி மதிப்பை அடக்க விலையாகக் காட்டலாம். நீயும் அண்ணனும் வேண்டுமானால் பணவீக்கக் கணக்கோடு 20% என்ற பழைய முறையிலும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். தங்கைக்கு அந்த வசதி இல்லை. வரும் லாபத்தில் இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினால் வரிவிலக்கு உண்டு, கட்டுவதென்றால் மூன்று வருஷம். ஆடிட்டரிடம் ஒரு நடை போய்விட்டு வந்துவிடு, அந்த ஃபீஸ் வீண் இல்லை.

இப்போது வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டாய். புதன்கிழமை போனேன். பூட்டு திறக்கவே இல்லை. கடல் காற்று. போன முறை நான் ஊற்றிய தேங்காய் எண்ணெயில் தூசு ஒட்டிப் பிசினாகியிருந்தது. பேரனுடைய பென்சில் முனையைச் சாவியின் பற்களில் கறுப்பாகத் தேய்த்து, நாலு தடவை நுழைத்து எடுத்தேன், திறந்துகொண்டது. இனி எண்ணெயே கிடையாது.

உள்ளே ஒரு நாற்றம். எலி என்று பயந்துவிட்டேன். இல்லை, பாத்ரூம் ஜாலிக்கு அடியில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றி, சாக்கடைக் காற்று நேராக மேலே வருகிறது. கரப்பான் பூச்சியும் அந்த வழிதான். ஜாலிக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டேன், எண்ணெய் இருந்தால் சீக்கிரம் வற்றாது. பூஜை அலமாரிச் சட்டத்தில் கரையான் கோடு ஏறியிருக்கிறது. விளக்குமாற்றால் தட்டிவிடலாம்தான், ஆனால் புற்று தரைக்கு அடியில் இருக்கும்போது அது வேறு வழியில் ஏறும். மருந்து அடிக்கிற ஆளை வரச் சொல்லியிருக்கிறேன்.

மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் இடுக்கில் ஒரு அரசங்கன்று, என் விரல் நீளம்தான். இழுத்தேன், தலை மட்டும் கையோடு வந்தது, வேர் உள்ளேயே இருக்கிறது. கொத்தனாரை விட்டுச் செங்கல்லைப் பெயர்த்து வேரோடு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அது சுவரைப் பிளக்கும். மழைநீர்க் குழாய் வாயில் வேப்பிலை அடைத்திருந்தது, நானே அள்ளிப் போட்டுவிட்டேன். முன்பக்க சன்ஷேடில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. துருவைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, அப்புறம்தான் சிமெண்ட் பூச வேண்டும். கொத்தனார் சும்மா சாந்தை அப்பிவிட்டுப் போகப் பார்ப்பார், நான் நின்று பார்த்துக்கொள்கிறேன். உன் பணத்தை இந்த மூன்று வேலைக்கும் ஐப்பசி மழைக்கு முன்னால் செலவு செய்யலாம். பெயிண்டெல்லாம் தை மாதம், சுவர் காய்ந்த பிறகு. அப்போதும் முன்பக்கம் மட்டும் போதும்.

என் கதை ஒன்றும் பெரிதாக இல்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, சாயங்காலம் சில்வர் பீச் வரை நடப்பதை நிறுத்திவிட்டேன். மாட்டுப்பெண்ணுக்கு நெய்வேலிக்கு மாற்றல் ஆகும் போலிருக்கிறது. பேரன் "கலா பாட்டி வீட்டுச் சாவி எங்கே?" என்று தினமும் கேட்கிறான், அவனுக்கு அந்த மாமரம்தான் குறி.

அம்மாவின் இறப்புச் சான்றை மட்டும் போட்டோ எடுத்து இன்றே அனுப்பு. வாரிசுச் சான்றுக்கு என்னென்ன கேட்கிறார்கள் என்று திங்கட்கிழமை தாலுகா ஆபீஸில் விசாரித்துவிட்டு வருகிறேன். சாவி வழக்கம்போல எங்கள் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஆணியில் இருக்கிறது.

அன்புடன்,
சரசு