பாப்புக்கு ஒரு தொடர் வேண்டும்: ஐடிவி தொலைக்காட்சிக்கு ஒரு திறந்த மடல்

பிரிட்டனின் ஐடிவியில் எந்தத் தொடரை எடுப்பது, எதைக் கிடப்பில் போடுவது என்று முடிவெடுக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்.

2006 ஜூலையில் 'பிரிஹிஸ்டாரிக் பார்க்' என்றொரு தொடரைத் தொடங்கினீர்கள். ஆறே பகுதிகள். அத்தோடு சரி. இரண்டாவது சீசன் வராதா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள், நானும் அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். ஆனால் அவர்களைப் போல ஸ்பைனோசாரஸைக் கொண்டுவாருங்கள், மெகலடானைக் கொண்டுவாருங்கள் என்று பட்டியல் நீட்டப்போவதில்லை. என் கோரிக்கை நேர்மாறானது. இனி ஒரு விலங்கைக்கூடப் பிடித்துவர வேண்டாம். ஏற்கெனவே பிடித்துவந்தவற்றை என்ன செய்தீர்கள் என்று காட்டுங்கள்.

அந்தத் தொடரைப் பார்க்காத வாசகர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நைஜல் மார்வன் என்ற நிஜமான இயற்கை ஆர்வலர், தன் சொந்தப் பெயரிலேயே தோன்றி, காலவாசல் ஒன்றின் வழியே பழைய உலகத்துக்குப் போவார். அழியும் தறுவாயில் இருக்கும் விலங்குகளை நம் காலத்துக்கு ஓட்டிவந்து ஒரு பூங்காவில் விடுவார். டைனோசர்களை அழித்த எரிகல் விழுவதற்குச் சற்று முன்னால் அமெரிக்காவின் மான்டானாவிலிருந்து டைரனோசாரஸ் இரட்டைக் குட்டிகள், 10,000 ஆண்டுகளுக்கு முந்தைய சைபீரியாவிலிருந்து கம்பளி ரோமம் அடர்ந்த பழங்கால யானையான மாமத் ஒன்று, தென்னமெரிக்காவிலிருந்து வாள்பல் பூனைகள், நிலக்கரிக் காலத்து ஸ்காட்லாந்திலிருந்து ராட்சத மரவட்டை, டெக்சாஸிலிருந்து டைனோசரையே தின்னும் முதலை. பெரும்பாலும் கணினி வரைகலை. ஆனால் டேவிட் ஜேசனின் பின்னணிக் குரல் இதையெல்லாம் அசல் ஆவணப்படம் போலவே சொல்லிக்கொண்டு போகும். அந்த முகபாவம் மாறாத பொய்தான் தொடரின் முதல் அழகு.

இரண்டாவது அழகு பாப். தலைமைப் பராமரிப்பாளர். நைஜல் காலவாசலில் புகுந்து சாகசம் செய்துகொண்டிருக்கும்போது, இந்த மனிதர் சாணி அள்ளிக்கொண்டும், வேலி கட்டிக்கொண்டும், முட்டித் தள்ளும் ட்ரைசெராடாப்ஸைச் சமாளித்துக்கொண்டும் இருப்பார். நெருப்புக்கோழி போலிருக்கும் ஆர்னிதோமிமஸ் என்ற டைனோசரின், தாய் கைவிட்ட முட்டைகள் பொரிந்து, குஞ்சுகள் பாப்பையே தாயென்று எண்ணிப் பின்னால் ஓடுமே, அந்தக் காட்சிக்கு எந்த டைனோசர் சண்டையும் ஈடாகாது. படம் எடுத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியிலும் பூங்காவுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறார்களே. ஆனாலும் விளம்பரத்தில் முன்னால் நின்றது காலவாசல்தான். மீட்பது என்றால் ஓடிப் பிடிப்பது என்றே நம் மனதில் பதிந்துவிட்டது. பிடிப்பது ஒரு நாள் வேலை. வளர்ப்பதற்கு ஆயுள் போதாது. தொடர் அதைத் தொட்டுக் காட்டியது, ஆனால் ஆறாம் பகுதியோடு விட்டுவிட்டுப் போய்விட்டது.

மார்த்தாவை எடுத்துக்கொள்வோம். காயம்பட்டுத் தனித்து நின்ற பெண் மாமத். பூங்காவுக்கு வந்ததும் உண்ணாமல் சோர்ந்துபோகிறது. மருந்தில் தீராத நோய் அது, துணை இல்லாத நோய். கடைசியில் ஆப்பிரிக்க யானைக் கூட்டத்தோடு சேர்த்துவிடுகிறார்கள். கூட்டத்தின் தலைவி முதலில் முறைத்தாலும் பிறகு ஏற்றுக்கொள்கிறது. ஆறு பகுதிகளிலும் இதைவிட நல்ல கதை கிடையாது. யானை தெரிந்த ஊர்க்காரன் என்பதால் இதில் இரண்டு குறைகளைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

ஒன்று, மாமத்துக்கு நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்க யானை அல்ல, ஆசிய யானை. உங்கள் தொடர் ஒளிபரப்பாவதற்குச் சில மாதங்கள் முன்புதான் மாமத்தின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுப்பை வாசித்து அதை உறுதிசெய்திருந்தார்கள். பெண் எடுத்த வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டதுபோல் ஆகிவிட்டது.

இரண்டாவது குறை பெரியது. யானைக் கூட்டம் அவ்வளவு எளிதில் யாரையும் ஏற்றுக்கொள்ளாது. தாயைப் பிரிந்த குட்டியை வனத்துறையினர் கூட்டத்தோடு சேர்க்கப் போராடுவதும், கூட்டம் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவதும், குட்டி கடைசியில் முதுமலைத் தெப்பக்காடு முகாமுக்கு வந்து பாகர்களின் கையில் புட்டிப்பால் குடிப்பதும் தமிழ்நாட்டு நாளிதழ்களில் அவ்வப்போது வரும் செய்தி. அப்படி வந்த குட்டிகளில் எத்தனையோ பிழைப்பதில்லை. சொந்த இனத்துக் குட்டிக்கே இந்தப் பாடு. பத்தாயிரம் ஆண்டு இடைவெளியில் வந்த மாமத்தின் உடலுக்கு, இன்றைய யானைகளிடம் இருக்கும் கிருமிகள் பல பழக்கமில்லாமல் இருக்கலாம். யானைகளுக்கென்றே ஒரு ஹெர்பிஸ் வைரஸ் இருக்கிறது. பெரிய யானை அதைச் சுமந்துகொண்டு சாதாரணமாகத் திரியும், ஆனால் ஆசிய யானைக் குட்டிகளை அது சில நாட்களிலேயே கொன்றுவிடும். மார்த்தா அந்தக் கூட்டத்தில் துதிக்கை கோத்த பிறகு என்ன ஆனது? அடர்ந்த கம்பளி ரோமத்தோடு அந்த வெயிலில் எத்தனை கோடைகளைக் கடந்தது? இரண்டாவது சீசனுக்கு இது ஒன்றே ஒரு முழுப் பகுதிக்குப் போதும்.

அடுத்தது டெரன்ஸும் மட்டில்டாவும். குட்டிகளாக வந்த அந்த டைரனோசாரஸ் இரட்டையருக்கு இப்போது இருபது வயது நெருங்கியிருக்கும். எலும்பின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணி 2004ல் வெளியான ஆய்வு ஒன்று, இந்த விலங்கு 14 முதல் 18 வயதுக்குள்தான் அசுர வேகத்தில் வளர்ந்தது என்கிறது. உச்சத்தில் ஒரு நாளைக்கு 2 கிலோவுக்கு மேல் எடை கூடுமாம். அப்படியென்றால் தொடர் முடிந்து நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகுதான் பாப்புக்கு உண்மையான தலைவலியே ஆரம்பித்திருக்கும். தீவனச் செலவு யார் கணக்கில்? எந்த மாட்டுப் பண்ணை அந்த இறைச்சியைத் தொடர்ந்து கொடுத்தது? 2006ல் கட்டிய வேலி 2020ல் தாங்கியதா? சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கும் 'சூ' என்ற டைரனோசாரஸ் 28 வயதுவாக்கில் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். உங்கள் இரட்டையருக்கு இனி முதுமைதான்.

இன்னொரு சங்கடம், அவை அண்ணனும் தங்கையும். ஜோடி சேர்த்தால் இனம் பிழைத்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. வாள்பல் பூனை, மாமத், முதலை எல்லாவற்றுக்கும் இதே கேள்வி உண்டு. கென்யாவின் ஓல் பெஜெட்டா வனவிலங்குக் காப்பகத்தில் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆணான சூடான் 2018 மார்ச்சில் இறந்தது. நஜின், ஃபது என்று தாயும் மகளும் மட்டும் மிஞ்சின. அவை பட்டினியாகக் கிடக்கவில்லை. காவல், மருத்துவர், வேலி என்று எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனாலும் ஆய்வுக்கூடத்துக் கருக்களை நம்பித்தான் அந்த இனம் இருக்கிறது.

எண்ணிக்கை குறைந்தாலே முடிந்தது என்றும் சொல்லிவிட முடியாது, கதை அங்கேதான் சுவாரசியமாகிறது. ஆர்க்டிக் கடலில் ராங்கெல் தீவில் சிக்கிக்கொண்ட மாமத்துகளின் மரபணுக்களை 2024ல் ஆராய்ந்தார்கள். அதிகபட்சம் எட்டு விலங்குகளிலிருந்து தொடங்கிய கூட்டமாம். இருபது தலைமுறைக்குள் இருநூறு முந்நூறாகப் பெருகி, சுமார் 6,000 ஆண்டுகள் தாக்குப்பிடித்தது. எகிப்தில் பெரிய பிரமிடைக் கட்டி முடித்த பிறகும் அங்கே மாமத் மேய்ந்துகொண்டிருந்தது. நைஜல் சைபீரியாவுக்குப் பதிலாக அங்கே போயிருந்தால் ஒரு கூட்டத்தையே ஓட்டிவந்திருக்கலாம் என்று எனக்கு ஓர் ஆதங்கம். (புதிதாக எதையும் பிடிக்க வேண்டாம் என்றவன்தான். மாமத் என்றால் மனம் கேட்கவில்லை.)

நிஜ உலகத்துப் பாப்புகள் சாதித்தும் இருக்கிறார்கள். மங்கோலியாவின் ப்ரெஸ்வால்ஸ்கி குதிரையைக் காட்டில் கடைசியாகப் பார்த்தது 1969ல். பிடித்து வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு குதிரைகளின் வழிவந்தவற்றை, எந்தக் குதிரையை எதனோடு சேர்ப்பது என்று பேரேடு போட்டு எழுதி எழுதியே பெருக்கி, 1992ல் திரும்பவும் புல்வெளியில் விட்டார்கள். அரேபிய ஓரிக்ஸ் மானைக் காட்டில் 1972ல் சுட்டு முடித்தார்கள். விலங்குக் காட்சிச்சாலைகளில் வளர்த்து 1982ல் ஓமானில் விட்டார்கள். நன்றாகப் பெருகியது. பிறகு கள்ள வேட்டை மறுபடியும் ஆரம்பித்தது, கூட்டம் குறுகியது, அரசே சரணாலயத்தின் எல்லையை வெட்டிச் சுருக்கியது. 2007ல் யுனெஸ்கோ அந்தச் சரணாலயத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது. பட்டியலிலிருந்து ஓர் இடம் நீக்கப்பட்டது அதுவே முதல்முறை. உங்கள் கதாசிரியர்கள் எத்தனை நாள் உட்கார்ந்து யோசித்தாலும் இப்படி ஒரு திருப்பம் கிடைக்காது.

அறிவியல் பிழைகளைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. 10,000 ஆண்டுக்கு முந்தைய சைபீரியாவில் எலாஸ்மோதீரியம் என்ற ஒற்றைக்கொம்பனைக் காட்டினீர்கள். அப்போது அது அபத்தம், இரண்டு லட்சம் ஆண்டுக்கு முன்பே அழிந்துவிட்டதாகத்தான் எண்ணியிருந்தார்கள். 2018ல் புதிய கணிப்பு அதை 39,000 ஆண்டு வரை இழுத்து வந்தது. முக்கால்வாசித் தூரத்துக்கு மேல் உங்கள் பக்கம் வந்திருக்கிறது, சந்தோஷப்படுங்கள். ஆனால் ஃபோருஸ்ராக்கோஸ் பறவையைப் பத்து லட்சம் ஆண்டுக்கு முன்னால் ஓடவிட்டதற்கு எந்தச் சமாதானமும் இல்லை, அது ஐம்பது லட்சம் ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்ட மயோசீன் காலத்தோடு போய்ச் சேர்ந்த பறவை. மரவட்டை ஆர்த்ரோப்ளூராவுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி. உங்கள் நாட்டிலேயே நார்தம்பர்லண்ட் கடற்கரையில் 2018ல் பாறை சரிந்து அதன் துண்டு ஒன்று வெளிப்பட்டது. முழு விலங்கு 2.6 மீட்டர் நீளம் இருந்திருக்கும் என்கிறார்கள். தலையின் அமைப்பும் 2024ல் பிரான்ஸ் நாட்டுப் புதைபடிவங்களிலிருந்து தெரிந்துவிட்டது. வரைகலைக்காரர்கள் தலையை மாற்றி வரையட்டும்.

இதையெல்லாம் இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2006ல் உங்கள் தொடர் வெறும் கற்பனை. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் கொலோசல் நிறுவனம், பனிக்காலத்து டயர் ஓநாயை மீட்டுவிட்டதாக மூன்று குட்டிகளைக் காட்டியது. சாம்பல் ஓநாயின் 14 மரபணுக்களில் 20 திருத்தங்கள் செய்து பிறந்தவை. அவை டயர் ஓநாயே அல்ல, திருத்திய சாம்பல் ஓநாய் என்று நிபுணர்கள் பலர் மறுத்தார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மாமத்தையும் கொண்டுவருவோம் என்கிறார்கள். வெள்ளைவெளேரென்ற குட்டிகளின் படம் உலகமெங்கும் சுற்றியது. யாருடைய கூட்டத்தில் அவை வளரும், எந்த நிலத்தில் வேட்டையாடும், நிறுவனத்தில் பணம் தீர்ந்தால் யார் சோறு போடுவார்கள் என்ற கேள்விகளுக்கு அந்தப் படங்களுக்குக் கிடைத்த இடத்தில் கால்வாசிகூடக் கிடைக்கவில்லை. இந்தக் கேள்விகளைச் சாதாரண மக்களுக்குப் புரியும்படி, சிரிக்கவும் வைத்து, கேட்கக்கூடிய ஒரு தொடர் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.

எனவே என் வேண்டுகோள் இதுதான். காலவாசலை முதல் காட்சியிலேயே பழுதாக்கிவிடுங்கள். இருபது ஆண்டுக்குப் பிந்தைய பூங்காவில் கதை நடக்கட்டும். பாப் ஓய்வுபெறும் வயதில் இருக்கட்டும், அவரிடம் வேலை கற்றுக்கொள்ள ஒரு இளம்பெண்ணைச் சேருங்கள். எந்த விலங்கு எப்போது செத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அறிவுரைக்குப் பேராசிரியர்களைக் கூப்பிடுவது வழக்கம்தான், கூடவே ஓமானில் ஓரிக்ஸை வளர்த்தவர்களையும் தெப்பக்காட்டுப் பாகர்களையும் கூப்பிடுங்கள். கதை எழுதும் மேசையில் அவர்களுக்கு நாற்காலி போடுங்கள், சம்பளமும் கொடுங்கள்.

முடிந்தால் தமிழ்க் குரலிலும் வெளியிடுங்கள். பாப்புக்குக் குரல் கொடுப்பவர் மட்டும் கொஞ்சம் சலித்துக்கொள்ளத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆறு பகுதிகளையும் பார்த்துவிட்டு ஏழாவதுக்குக் காத்திருக்கும் ஒருவன்